பேரில்லாத புள்ளி

“ஹலோ... ஹலோ, நான்தான்... இல்ல, ஒண்ணும் ஆகலை... அட, ஒண்ணும் ஆகலைன்னு சொல்றேன்ல... பொண்ணு காலேஜ்லதான் இருக்கா, நல்லாத்தான் இருக்கா... எனக்கும் ஒண்ணுமில்ல. நெஞ்சும் வலிக்கலை, தலையும் சுத்தலை... ஏன், புருஷன் வேலை நேரத்துல போன் பண்ணக் கூடாதுன்னு எங்கயாவது எழுதி ஒட்டியிருக்கா?... சரி, சரி, கத்தாத... பக்கத்துல ஆளுங்க இருக்கப்போறாங்க...”

அவள் பதறியதில் தப்பே இல்லை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் மனுஷர் வேலை நேரத்தில் அவளைக் கூப்பிட்டது மொத்தமே மூன்று தடவைதான். ஒன்று, அவருடைய அப்பா இறந்தபோது. இன்னொன்று, மகள் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது. மூன்றாவது, சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றபோது. இந்த வரிசையில் நாலாவதாக என்ன வரப்போகிறதோ என்று எந்தப் பெண்டாட்டியும் நினைக்கத்தான் செய்வாள்.

அவருக்கு ஆபீஸில் மேப் சார் என்று பேர். ஊருக்குள் பெரிதாக எதையாவது கட்ட நினைக்கிறவர்கள் முதலில் அவருடைய கம்பெனியில்தான் வந்து நிற்பார்கள். அந்த நிலத்தில் கட்டலாமா, மண் தாங்குமா, மழை கொட்டினால் தண்ணீர் எங்கே போய் நிற்கும், ரோடு போதுமா என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்துச் சொல்லுகிற வேலை. ஜிஐஎஸ் என்பார்கள். இருபத்தைந்து வருஷமாக ஒரே நாற்காலி. இன்றைக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்து, பெரிய வரைபடங்களை அச்சடிக்கிற பிளாட்டர் மிஷின் அறைக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, காகித உருளைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். மணி மூன்றரை.

“பிளாட்டர் ரூம்ல இருக்கேன்... ஆமா, தனியாத்தான்... உனக்கு அங்க கூட்டமா?... ரெண்டு பேரா? சரி, அப்பப் பேசலாம்... இல்ல, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேசுற விஷயம் இல்ல... அஞ்சு மணிக்குள்ள பேசணும்... சொல்றேன்... சொல்றேன்னுதானே சொல்றேன்...”

சொல்லவில்லை. மிஷினின் மேல்மூடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் துடைத்தார்.

“ஆபீஸுக்குப் புதுசா ஒரு சைட் வந்திருக்குன்னு சொன்னேன்ல... சொல்லலையா?... சரி, சொல்லலை. இப்பச் சொல்றேன். பதினோரு ஏக்கர்... ஆமா, ஊருக்குள்ளதான். அடியில ரெண்டு அடுக்கு கார் நிறுத்த, மேல கடைங்க, அதுக்கு மேல ஆபீஸ், வீடுன்னு போய்க்கிட்டே இருக்கும்... ஆமா, பெரிய பார்ட்டிதான்... எடம் தோதுப்படுமான்னு நாங்க பாத்துச் சொல்லணும். அறிக்கை இன்னைக்கு அஞ்சு மணிக்குப் போகணும்... உன்கிட்ட எதுக்குச் சொல்றேன்னா... இரும்மா, கொஞ்சம் பொறு...

“பேஸ் மேப்னா என்னன்னு உனக்குத் தெரியும்ல... அதான், நாங்க எதை ஆராய்ஞ்சாலும் முதல்ல அடியில ஒரு படம் விரிப்போம். பாய் விரிக்கிற மாதிரின்னு வச்சுக்கோ. அதுக்கு மேலதான் ரோடு, கட்டடம், மேடு பள்ளம், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வரும்... பாடம் எடுக்கலை... நான் என்னைக்கு உனக்குப் பாடம் எடுத்திருக்கேன்?... சரி, எடுத்திருக்கேன். ஒத்துக்கிறேன்...”

அவள் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். கையில் ஊசியை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் மயங்கி விழுவார். குத்துகிறதைக் குத்திவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்த வேண்டியதுதான் என்பது அவள் கட்சி. அவருக்கோ எதைச் சொல்வதானாலும் அடியில் ஒரு பாயை விரித்தால்தான் வாய் திறக்கும். இந்த இரண்டு பேரையும் எப்படித்தான் கட்டி வைத்தார்களோ.

“அந்தப் பதினோரு ஏக்கர்ல ஒரு மூலையில... இல்ல, உங்க அக்கா வீடு இல்ல... நம்ம வீடும் இல்ல. யார் வீடும் இல்லம்மா. வெறும் நிலம். மேல இருந்து எடுத்த படத்துல பாத்தா புல்லும் நாலு மரமும்தான். எங்க மேப்ல அதுக்கு வெளிர் மஞ்சள். வெளிர் மஞ்சள்னா காலி நிலம்னு அர்த்தம்... அது காலி இல்லம்மா... மேல ஒண்ணும் இல்ல. அடியில... கொஞ்சம் சொல்ல விடு...

“அது நம்ம... நம்ம மூத்தது இருக்கிற எடம்.”

மேப் சார் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வினாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“ஹலோ... இருக்கியா?... ம்... ஆமா. மூத்ததுன்னா மூத்ததுதான்... வேற எதைச் சொல்வேன்...”

இருபத்தியோரு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சாயங்காலம் பிறந்து மறுநாள் மதியத்தோடு போய்விட்டது. அவளுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் நாலு நாள் நினைவே இல்லை. ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்து எங்கே என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள், எங்கே என்று நமக்குத் தெரியாது என்றார் இவர். ஒரு மாதம் தினம் கேட்டாள். மூன்று வருஷம் கழித்து மகள் பிறந்தாள். அப்புறமும் வருஷத்துக்கு ஒரு தடவை, அந்தத் தேதி வந்தால், இவர் சட்டையை மாட்டும்போது பின்னால் நின்று கேட்பாள். தெரியாது என்பார். எட்டு வருஷமாக அதையும் கேட்பதில்லை.

“ஆஸ்பத்திரி இல்ல... யாரும் இல்ல. நான்தான். என் ரெண்டு கையாலயும் நான்தான் கொண்டுபோனேன்... ஆமா... ஆமா... பொய்தான் சொன்னேன்... இத்தனை வருஷமும் பொய்தான்... ம்... ம்... ஏதாவது சொல்லு. திட்டு. சும்மா இருக்காத...

“என்ன?... யாரு வந்திருக்கா?... ஓ... சரி, போ. போய் எடுத்துட்டு வா... கட் பண்ணாத. மேஜை மேல அப்படியே வச்சுட்டுப் போ. நான் இருக்கேன்... எத்தனை நேரம் ஆனாலும் இருக்கேன்...”

போனுக்குள் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு வயசாளி இருமினார். அவளுடைய குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. கையை நீட்டுங்கள், மடக்காதீர்கள் என்று நாளுக்கு அறுபது தடவை சொல்லுகிற அதே குரலில்தான் ஏதோ சொன்னாள். அது கொஞ்சமாவது நடுங்கியிருந்தால் மேப் சாருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கதவை யாரோ தட்டினார்கள். “ரெண்டு நிமிஷம் சார்... பிரிண்ட் ஓடிக்கிட்டிருக்கு சார்... அனுப்பிடுறேன் சார், அஞ்சுக்கு முன்னாடி அனுப்பிடுறேன்...” என்றார் போனைக் கையால் பொத்திக்கொண்டு. மிஷின் அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. மேனேஜரின் செருப்புச் சத்தம் விலகிப்போனது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கோப்பு மேஜைக்கு வந்தபோதே அது எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். திறக்காமல் நிலத்தில் குற்றம் தேட ஆரம்பித்தார். சரிவு அதிகமாக இருந்தால் தள்ளிவிடலாம், சரிவு இல்லை. ரோடு குறுகலாக இருந்தால் தள்ளிவிடலாம், ரோடு அகலம். மழைத் தண்ணீர் தேங்கினால் பேச்சே இல்லை, தள்ளியே ஆக வேண்டும். நாலு தடவை கம்ப்யூட்டரில் மழையைக் கூட்டிக் கூட்டி ஓட்டிப் பார்த்தார். ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை கொட்டுகிற மழை, நூறு வருஷத்துக்கு ஒரு தடவை கொட்டுகிற மழை. ஒரு சொட்டு நிற்கவில்லை. மண்ணில் குற்றம் இருந்தால் தன் வாயால் சொல்லாமலே தப்பிக்கலாம் என்று பார்த்த கோழைத்தனம் அது, வேறென்ன.

“ஹலோ... எடுத்தாச்சா?... நரம்பு கிடைச்சுதா?... ம்... சொல்லு...

“எங்கயா?... சொல்றேன். சொல்லாம எங்க போகப்போறேன். அதுக்கு முன்னாடி நீ இதைக் கேட்டுக்கோ... இல்ல, மழுப்பலை... சரி, நீ கேளு. கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்றேன்...

“துணியா?... உன் துண்டு. பச்சை போட்டது, ஓரத்துல வெள்ளைக் கோடு... ஆமா, காணோம் காணோம்னு ஆஸ்பத்திரி முழுக்கத் தேடச் சொன்னியே, அதேதான். உன்னுது ஏதாவது ஒண்ணு கூடப் போகணும்னு தோணுச்சு... 

“மதியம் மூணு மணி இருக்கும்... இல்ல, மழை இல்ல. நல்ல வெயில்... வார்டு வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் வந்தாரு. அந்த ஆஸ்பத்திரியில இப்படி ஆனதையெல்லாம் அங்கதான் கொண்டுபோவாங்களாம், அவர்தான் வழி காட்டினாரு. மம்மட்டியும் அவர்துதான்... இல்ல, அவரைத் தோண்ட விடலை. நான்தான்... ஆழமாத்தான். இடுப்பளவு... சத்தியமா...

“கனமா?... இல்லம்மா. கனமே இல்ல. அதுதான்... கனமா இருந்திருந்தா கொஞ்சம்... என்னன்னு சொல்றது... தூக்கிட்டு நடக்குறோம்னே தெரியலை. நடுவுல ரெண்டு தடவை துணியை விலக்கிப் பாத்தேன்...

“முகமா... பாத்தேன்... உன் மூக்கு. அச்சு அசல் உன் மூக்கு... இல்லம்மா, தேத்துறதுக்குச் சொல்லலை. தேத்துறதுக்குன்னா இத்தனை வருஷத்துல என்னைக்கோ சொல்லியிருக்க மாட்டேனா... ம்... ம்... அழு. அழுதுடு...”

மேப் சார் ஒரு காகித உருளையின் மேல் உட்கார்ந்தார். அது உருண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்து நின்றார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார், அதை வீட்டில் போய் நடித்தும் காட்டியிருப்பார்.

“ஏன் சொல்லலைன்னா... டாக்டரம்மா, இப்பச் சொல்லாதீங்க, உடம்பு தேறட்டும்னாங்க. உங்க அக்காவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, சொன்னா இவ எந்திரிச்சுப் போய் அங்கயே உக்காந்துடுவான்னாங்க... இல்ல, அவங்க மேல பழி போடலை. அவங்க ரெண்டு பேரும் ஒரு மாசத்துக்குத்தான் சொன்னாங்க. மிச்சமெல்லாம் என்னுது... ஒரு தடவை தெரியாதுன்னு சொல்லிட்டேன். மறு தடவை தெரியும்னு சொன்னா, அன்னைக்கு ஏன் தெரியாதுன்னேன்னு கேப்ப. அப்படியே தள்ளிப்போட்டேன்... ஆமா, பயம்தான். உன்னை நெனைச்சு இல்ல, என்னை நெனைச்சுத்தான் பயம்... ஒத்துக்கிறேன்...

“எங்கன்னு சொல்றேன். இன்னும் ஒரே ஒரு விஷயம்... அய்யோ, இதைக் கேட்டாத்தான் அது புரியும்...

“ஆஸ்பத்திரியில இருந்து உன்னைக் கூட்டிட்டு வந்த பிறகு, ஆபீஸுக்குப் போய் பேஸ் மேப்ல அந்த எடத்துல ஒரு புள்ளி வச்சேன். அளந்து, சரியா அந்த எடத்துல. பேர் போடலை, என்ன வகைன்னு போடலை. சும்மா ஒரு புள்ளி. லட்சம் புள்ளிக்கு நடுவுல ஒண்ணு, யாருக்குத் தெரியப்போகுது... வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பாப்பேன்... ஆமா... அன்னைக்குத்தான். நீ பின்னாடி நின்னு கேப்பேல்ல, அன்னைக்குத்தான். உன்கிட்டத் தெரியாதுன்னு சொல்லிட்டு, ஆபீஸ்ல வந்து உக்காந்து அதைப் பாப்பேன்...

“ம்... ம்... நீ சொல்றது சரி. நான் மனுஷனே இல்ல...

“இப்ப அந்தப் புள்ளி இல்ல... இல்லன்னா, போயிடுச்சு. அழிஞ்சிடுச்சு... யாரும் இல்லம்மா, நான்தான்... வேணும்னு பண்ணலை. நாங்க மேப்பை வருஷா வருஷம் சுத்தம் பண்ணுவோம். நிறைய பேர் கை படுறதுல குப்பை சேரும். பேரும் வகையும் இல்லாத புள்ளியெல்லாம் பிழை, தானா அழிஞ்சிடணும்னு ஒரு விதி எழுதினோம்... எழுதினோம் என்ன எழுதினோம், நான்தான் எழுதினேன். எட்டு வருஷம் ஆச்சு... ஆமா, உங்க லேப்ல பேர் ஒட்டாத குழாயைக் கொட்டிடுவீங்கள்ல, அதே கதைதான்...

“மறந்துட்டேன். அந்த விதியை எழுதும்போது அது ஞாபகத்துக்கே வரலை... நீ கேக்கறதை நிறுத்தினே, நான் பாக்கறதை நிறுத்தினேன். இந்த சைட் வந்தப்பத்தான் திறந்து பாக்குறேன், வெறும் மஞ்சளா இருக்கு... என்னவோ இன்னொரு தடவை செத்த மாதிரி...”

பழைய சிடிகள் போட்டு வைத்த அட்டைப் பெட்டியைக் கிளறி, பத்து வருஷத்துக்கு முந்தைய நகல் ஒன்றை நேற்று அவர் கண்டுபிடித்திருந்தார். அதில் புள்ளி பத்திரமாக இருந்தது. அதன் எண்களை ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். இப்போது அந்தச் சீட்டை எடுத்து, பிளாட்டரோடு இணைத்திருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் விரித்தார்.

“இருக்கியா?... ம்... கேளு. அதை மறுபடியும் வைக்கப்போறேன். இந்தத் தடவை ஒளிச்சு இல்ல. குழந்தைகளை அடக்கம் பண்ணின நிலம்னு வகை போட்டு, தேதி போட்டு, சொன்னவர் யாருங்கிற எடத்துல அப்பான்னு என் பேரைப் போட்டு, கையெழுத்தோட...

“தெரியலை. கட்டறது நிக்குமான்னு கேட்டா, தெரியலைம்மா. நிக்காதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா மண்ணைத் தொடறதுக்கு முன்னாடி அதிகாரிங்க வந்து பாத்தாகணும். மத்த பெத்தவங்களைத் தேடணும். ஆமா, நம்மளுது மட்டும் இல்ல, அங்க நிறைய இருக்கு, அந்தப் பெரியவர் சொன்னாரு. ஆஸ்பத்திரியையும் இடிச்சாச்சு, யாரை எங்க புதைச்சாங்கன்னு எழுதி வச்ச ரிஜிஸ்டரும் போச்சு. என்னை விட்டா சொல்ல ஆள் இல்ல... சொல்லலைன்னா அடுத்த மாசம் மிஷின் வந்து நாப்பது அடி தோண்டும். வெளிர் மஞ்சள்தானே, யாரு என்ன கேக்கப்போறாங்க...

“என் வேலையா?... இத்தனை வருஷம் தெரிஞ்சே மேப்ல மறைச்சு வச்சிருந்தியான்னு கேப்பாங்க. கேக்கட்டும். போனாப் போகட்டும்... மேனேஜர்கிட்ட இன்னும் சொல்லலை... அவர் முகத்தை அப்புறம் பாத்துக்கலாம்...

“அதுல ஒரு கட்டம் பாக்கி இருக்கு. பேர்னு ஒரு கட்டம்... இல்ல, ‘குழந்தை’ன்னு போட்டாலும் ஏத்துக்கும். மிஷினுக்கென்ன, எதைப் போட்டாலும் ஏத்துக்கும். காலையில இருந்து நாலு தடவை அப்படி அடிச்சுட்டு அழிச்சேன். எனக்குத்தான் கை வரலை... நாம பேரே வைக்கலையேம்மா. ஒரு ராத்திரிதானே இருந்துச்சு... அதுக்குத்தான் கூப்பிட்டேன். உன்னைக் கேக்காம ஏதோ ஒண்ணை எழுதிப்போடக் கூடாதுன்னு...

“என்ன?... வச்சிருந்தியா?... எப்ப?... ஆறாம் மாசமா?... யார்கிட்டயும் சொல்லலையா... உங்க அக்காகிட்டக் கூடவா?...

“நான் கேக்கலைதான்... ஆமா, நான் ஒரு தடவை கூடக் கேக்கலை... சொல்லு. இப்பச் சொல்லு... இன்னொரு தடவை சொல்லு... மெதுவா...”

அந்தப் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருத்தி இருபத்தியோரு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பேர். கதை சொல்லுகிற எனக்கு அதில் பங்கு கிடையாது. மேப் சார் முதலில் அதைச் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். எழுதிவிட்டு உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு... ரொம்ப நல்ல பேரு... இல்ல, அழலை... சரி, அழறேன். யாரு பாக்கப்போறா இங்க...

“அடிக்கிறேன், இரு... அடிச்சாச்சு... கையெழுத்தும் போட்டாச்சு... இந்தா, சேமிச்சாச்சு. ஏத்துக்கிச்சும்மா. வந்துடுச்சு, மேப்ல வந்துடுச்சு. பக்கத்துலயே பேரும் வருது, சின்ன எழுத்துல... பெரிசாக்கணுமா? ஆக்கிடுறேன்... மஞ்சளையும் மாத்திட்டேன். அறிக்கையும்... அனுப்பிட்டேன். போயிடுச்சு. இனிமே நானே நெனைச்சாலும் திரும்ப எடுக்க முடியாது...”

இத்தனை நேரத்தில் முதல் தடவையாக மேப் சாருக்கு மூச்சு நேராக வந்தது. அப்படியே பேச்சை முடித்துவிடலாம் என்றுகூட ஒரு நப்பாசை. ஆனால் அவளை அவருக்குத் தெரியும். இதுவரை மூன்று தடவை கேட்டிருந்தாள். நாலாவது தடவை கேட்டபோது குரலே உயரவில்லை.

“எங்க... ம்... சொல்றேன்... இல்ல, மழுப்ப இனிமே ஒண்ணும் இல்ல...

“தூரம்லாம் இல்லம்மா. ஊருக்குள்ளதான்... ஆஸ்பத்திரிப் பக்கம் இல்ல, அதுக்கு எதிர்த்திசை... நீ வேலைக்குப் போற வழிதான்... ஆமா, முதல் பஸ்ஸை விட்டு இறங்கி மாறுவேல்ல, அந்த ஸ்டாப்... தண்ணித் தொட்டி ஸ்டாப், அதேதான்... பின்னாடி ஒரு நீளமான சுவர் இருக்குல்ல... ஆமா, போஸ்டர் ஒட்டியிருக்கிற சுவர்... அந்தச் சுவர் அப்ப இல்ல. பின்னாடிதான் கட்டினாங்க... அதுக்கு அந்தப் பக்கம்...

“எவ்வளவு உள்ளயா... அளந்தேன்... ஆறு மீட்டர்... ஆறும்மா. ஆறு... ஆமா, நீ நிக்கிற எடத்துல இருந்துதான். நம்ம வீட்டுக் கூடம் நீளம் கூட இல்ல...

“ஹலோ... ம்... ஆமா, ஆறு வருஷமாத்தான் அங்க மாறுற... காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம்... சில நாள் அரை மணி நேரம் கூட... ம்... ம்... மழைக்கும் அங்கதான் ஒதுங்குவ... சொன்னியே...

“எனக்கா?...

“தெரியும்...

“இல்ல, இப்பத் தெரியலை. முதல் நாளே தெரியும்... நீ வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு நான்தானே உன்னை அந்த ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டேன்... நீ அந்தச் சுவர்ல சாஞ்சு நின்னே. இங்க நல்லா நிழலா இருக்கு, இனிமே தினம் இங்கயே நின்னுக்கிறேன்னு சொன்னே... நான்... நான், பஸ் வருது பாருன்னு சொன்னேன்...

“ஹலோ... ஹலோ?... ஏம்மா... ஹலோ...”

லைன் கட்டாகியிருந்தது.